திறப்பு விழாவுக்காகத் தோட்டம் போடாதீர்கள்

வணிக வளாகத்தின் கட்டட வேலை முடிந்துவிட்டது, அடுத்த வாரம் திறப்பு விழா, அதற்குள் தோட்டம் போட்டுத் தர முடியுமா? இந்தக் கேள்வி வருவது நிற்கவே மாட்டேன் என்கிறது. போட்டுத் தரலாம். ஆறு மாதத்தில் பாதி காய்ந்துபோகும். அப்போது நர்சரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பேச்சு வரும். செடியில் பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. குறை மண்ணில்.

வணிக வளாகத்துக்குத் தோட்டத்தால் என்ன பலன் என்று நீட்டி முழக்க வேண்டியதில்லை. வெயிலில் எல்லா வண்டியும் நிழல் உள்ள பார்க்கிங்கைத்தான் தேடுகிறது. மேற்குச் சுவரில் நிழல் விழுந்தால் ஏசியின் சுமை குறைகிறது. மழைத்தண்ணீர் வாசலில் தேங்காமல் மண்ணில் இறங்குகிறது. ஆனால் இதெல்லாம் மரம் வளர்ந்த பிறகுதான். வளராத மரத்தை வருடா வருடம் பிடுங்கி நடும் செலவுதான் மிஞ்சும்.

"மண்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கட்டுமானம் நடந்த இடத்தில் இருப்பது பழைய மண் இல்லை. லாரியும் ரோலரும் மாதக்கணக்கில் ஏறி இறங்கி மண்ணில் இருந்த காற்றிடைவெளியை நசுக்கியிருக்கும். வேருக்குத் தண்ணீர் எவ்வளவு அவசியமோ அவ்வளவு அவசியம் காற்று. இறுகிய மண்ணில் தோண்டிய குழி அடி அடைத்த தொட்டி மாதிரி. ஊற்றிய தண்ணீர் அங்கேயே நிற்கும், வேர் மூச்சுமுட்டி அழுகும். இலை வாடுவதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள், முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

நடுவதற்கு முன் ஒரு சோதனை போதும். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அங்கே அப்படியே மரம் நட வேண்டாம், முதலில் மண்ணைச் சரிசெய்யுங்கள். மண் லேசான ஈரத்தில் இருக்கும்போது 45 முதல் 60 செ.மீ. ஆழம் வரை உடைத்துக் கிளறி, மேலே 5 செ.மீ. மட்கிய உரம் பரப்பி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கலக்க வேண்டும். 100 சதுர மீட்டருக்கு 5 கன மீட்டர் உரம் பிடிக்கும். சேறாக இருக்கும்போது கிளறினால் முன்பைவிட மோசமாக இறுகும்.

இதைவிட மலிவான வழி, அஸ்திவாரத்துக்கு முன்பே தோட்டம் வரப்போகும் இடத்தை வேலி போட்டு மறிப்பது. முடியாவிட்டால் மேல்மண் 15-20 செ.மீ. வழித்தெடுத்து, 2 மீட்டருக்கு மேல் உயராமல் குவித்து வையுங்கள். சிமெண்ட் கலவை, பூச்சுக் கழிவு, சுண்ணாம்பு எதையும் தோட்ட இடத்தில் கொட்ட விடாதீர்கள். மண் காரமாகிவிடும், இரும்புச்சத்து மண்ணில் இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. புதுத்துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதுதான் என்று சந்தேகப்படுங்கள். யூரியா போட்டு இது தீராது.

பார்க்கிங்கில் பேவர் பிளாக்குக்கு நடுவே ஒரு மீட்டர் சதுரக் குழி விட்டுவிட்டு, நிழல்மரம் கேட்கிறார்கள்! 6 மீட்டர் அகலக் குடை விரிக்கும் மரத்துக்கு ஏறத்தாழ 17 கன மீட்டர் நல்ல மண் வேண்டும். வண்டி வரிசைகளுக்கு இடையே நீளமான பாத்தியாக விட்டால் மரங்கள் மண்ணைப் பங்கிட்டுக்கொள்ளும். விளக்குக் கம்பமும் மரமும் ஒரே இடத்தில் வராமல் வரைபடத்திலேயே பாருங்கள்.

நடும் குழி, வேரோடு பையில் இருக்கும் மண் கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தண்டு வேராக விரியும் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். பையைக் கிழித்து, சுற்றிச் சுருண்ட வேர்களை வெட்டிவிடுங்கள். மண்ணை மூடப் பரப்பும் சருகு போன்ற மூடாக்கு 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போடுங்கள். ஊன்றுகோலை ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டு தண்டை அறுக்கும்.

பெயர்ப்பலகையை மறைக்கிறது என்று உச்சியை மொட்டையடிக்கவே கூடாது. வெட்டிய இடத்தில் அழுகல் நுழையும். கொத்துக் கொத்தாக வரும் கிளைகளுக்குப் பிடிப்பு இருக்காது, காற்றில் முறிந்து கீழே நிற்கும் வண்டிமேல் விழும். அடிக்கிளைகளை மட்டும் வெட்டிக் குடையை உயர்த்துங்கள், பலகை கண்ணுக்குத் தெரியும்.

வேலை உத்தரவிலேயே இரண்டு வருடப் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். காண்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையை, இரண்டாம் வருடம் மரம் துளிர்த்ததை நேரில் பார்த்த பிறகு கொடுங்கள்.