ஒற்றைக் கண்ணை ஏமாற்றுவது எப்படி?

கேத்தி பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு நகரம் மிதக்கிறது. இதைப் படமெடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் கிடையாது, 1920-களில் இருக்கிறோம். தாராளமாக எடுக்கலாம். நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தைக் கணக்குப் போடும். கேமராவுக்கு இருப்பது ஒரே கண், அதற்குப் பக்கத்தில் இருக்கும் பொம்மையும் எதிர்மலையும் ஒரே தட்டையான படத்தில்தான் வந்து விழும்.

கேமராவுக்கு முன்னால், ஊடுருவிப் பார்க்கக்கூடிய பெரிய கண்ணாடியை நிறுத்தி, அதன் மேல்பகுதியில் நகரத்தை வரைந்துவிட்டால் போதும். ஆனால் நீலகிரியில் இதற்குப் பெரிய எதிரி மூடுபனி. அது நகரத்துக்குப் பின்னால் போகுமே தவிர முன்னால் வரவே வராது, குட்டு உடைந்துவிடும்!

ஜெர்மன் ஒளிப்பதிவாளர் ஆய்கன் ஷுஃப்டான் இன்னும் கெட்டிக்காரர். 1927-இல் வெளிவந்த 'மெட்ரோபோலிஸ்' படத்தில் அவர் முறையைப் பார்க்கலாம். கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, பக்கவாட்டில் ஒரு சின்ன மாதிரிக் கட்டடம், அதன் பிம்பம் கண்ணாடியில் விழும். நடிகர்கள் தெரியவேண்டிய இடத்தில் மட்டும் ரசத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால், அந்த ஓட்டை வழியாகத் தூரத்தில் நிற்கிறவர்கள் தெரிவார்கள், அவ்வளவுதான், ராட்சதக் கட்டடத்துக்குள் குட்டி மனிதர்கள் தயார். கண்ணாடி லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் சுரண்டிய ஓரம் மங்கிப்போய் ஒட்டுப்போட்டது தெரியாது. எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயமே அந்த மங்கல்தான்.

மாதிரிகளுக்கு வேறு தொல்லை உண்டு. தொட்டபெட்டாவிலிருந்து பார்த்தால் தள்ளியிருக்கும் மலைகள் நீலம் பூத்து வெளிறித் தெரியும், இடையில் உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். அறைக்குள் வைத்த மாதிரிமலை அப்படி வெளிறாது, பார்த்தவுடனே பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் புகை போடுவார்கள், இல்லாவிட்டால் அடுக்கடுக்காக மெல்லிய வலைத்துணி தொங்கவிடுவார்கள்.

அப்புறம் வேகம். மலை ரயில் 16 மீட்டர் உயரப் பாலத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொட சுமார் 1.8 விநாடி ஆகும். பதினாறில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி ரயில் 1 மீட்டர்தான் விழும், 0.45 விநாடியில் முடிந்துவிடும். எனவே விநாடிக்கு 96 ஃபிரேம் எடுத்து, விநாடிக்கு 24-ஆக ஓட்ட வேண்டும், விழுவது 4 மடங்கு மெதுவாகத் தெரியும். உயரம் 16 மடங்கு குறைந்தால் நேரம் 4 மடங்குதான் குறையும், வர்க்கமூலக் கணக்கு.

தண்ணீர் மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. பைக்கரா அருவியைச் சின்னதாகச் செய்தாலும் துளி சின்னதாகாது, தண்ணீரைத் துளியாக இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை விடாது. 3 மில்லிமீட்டர் துளி திரையில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரியும். அதனால்தான் வெள்ளக் காட்சி என்றால் மாதிரியை முடிந்தவரை பெரிதாகக் கட்டினார்கள், செலவைப் பார்த்தால் நடக்காது.