சட்ட மேலவை: ஒரு சொல் விளக்கம்

மகாராஷ்டிரத்திலோ கர்நாடகத்திலோ சட்ட மேலவைக்குத் தேர்தல் வரும்போதெல்லாம், நம் இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் அது 'மாகாண மேல்சபைத் தேர்தல்' என்ற பெயரோடு வந்து சேர்கிறது. சில நாட்களில் அதுவே 'மாநில சட்டசபைத் தேர்தல்' ஆகிவிடுகிறது. வேறு சில நாட்களில், அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் பணியில் இருந்தார் போலும், 'அரச சட்டவாக்க சபைத் தேர்தல்' என்று வருகிறது. மூன்றும் பிழையான பெயர்களே. ஆயினும் முதலாவதுதான் மலையகத்து வாசகரை அதிகம் வழிதவறச் செய்கிறது. அத்துடன் அதுவே இப்போது நிலைபெற்றும் வருகிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுவோம். இந்திய மாநிலங்களுள் உத்தரப் பிரதேசம், பீகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்கானா ஆகிய ஆறில் மட்டுமே சட்டத்துறை இரண்டு அவைகளைக் கொண்டது. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்யும் அவை ஒன்று. மற்றையது, பெரும்பாலும் பிறர் வழியாகத் தெரிவு செய்யப்படும் மேலவை. மேலவை ஒருபோதும் முழுமையாகக் கலைக்கப்படுவதில்லை. உறுப்பினரின் பதவிக்காலம் 6 ஆண்டுகள். 2 ஆண்டுகளுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர். அதனால்தான் அதற்கான தேர்தல் செய்தி அடிக்கடி வருகிறது, பிழையான பெயரும் அத்தனை முறை வருகிறது.

'அவை' நமக்குப் பழஞ்சொல். திருக்குறளின் 72ஆம் அதிகாரம் அவையறிதல், 73ஆம் அதிகாரம் அவையஞ்சாமை. 'சபை' வடமொழி வழி வந்து தமிழில் நிலைத்துவிட்ட சொல். இரண்டுக்கும் உள்ள உறவைப் பற்றி அறிஞர்களிடையே உள்ள வழக்கு இங்கே நமக்கு வேண்டியதில்லை. மேல் என்பதும் அவை என்பதும் சேர்ந்து மேலவை ஆயிற்று. தமிழ்நாட்டு அரசு வழக்கில் மக்கள் தெரிவு செய்யும் அவை 'சட்டமன்றப் பேரவை' என்றும், மற்றது 'சட்டமன்ற மேலவை' என்றும் வழங்கின. அதன் சுருக்கமே சட்ட மேலவை.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அந்த அவையின் ஆங்கிலப் பெயரான 'லெஜிஸ்லேற்றிவ் கவுன்சில்' (Legislative Council) என்பதில் 'மேல்' என்ற கருத்தே கிடையாது. சட்டம் இயற்றும் ஆலோசனை மன்றம் என்பதற்கு மேல் அப்பெயர் எதையும் சொல்லவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1937 வரை அப்பெயர் கொண்ட அவை ஒன்றே இருந்தது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் இரண்டு அவைகளை ஏற்படுத்தியபோது, மக்கள் அவைக்குப் புதுப்பெயர் கிடைத்தது. பழைய பெயர் மேலே இருந்த அவைக்குப் போயிற்று. ஆகவே ஒரே ஆங்கிலப் பெயர் 1930இல் ஒரு பொருளையும் 1940இல் வேறொரு பொருளையும் குறித்தது. தமிழில் 'மேலவை' என்று வைத்தவர்கள் பெயரை மொழிபெயர்க்கவில்லை. அவை எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துப் பெயரிட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் பலருக்கு இந்தத் துணிவு வருவதே இல்லை.

இலங்கையிலும் இதே கதைதான், சற்று வேறு வடிவில். 1833 முதல் 1931 வரை இங்கும் அதே ஆங்கிலப் பெயரில் ஓர் அவை இருந்தது. அதனைத் தமிழில் 'சட்டநிரூபண சபை' என்றார்கள். மலையகத்தில் அச்சொல்லை இன்றும் அறிந்திருப்பதற்குத் தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரே முதற் காரணம். அவர் அச்சபையில் இருந்தவர், பின்னர் 1936இல் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர். சட்டநிரூபண சபை தனி அவை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆகவே அப்பெயரையோ, அதன் புது வடிவமான 'சட்டவாக்க சபை' என்பதையோ எடுத்துக் கர்நாடகத்து மேலவைக்குச் சூட்டினால், அம்மாநிலத்தின் சட்டத்துறை முழுவதற்குமே தேர்தல் நடக்கிறது என்றுதான் வாசகர் எண்ணுவார். 'அரச' என்ற முன்னொட்டு அதனினும் கேடு. அரச ஊழியர், அரச வங்கி என்று நாம் சொல்லும்போது அரசாங்கத்துக்கு உரியது என்பதே பொருள். இந்தியாவின் ஒரு மாநிலத்தை அது குறிக்கவே குறிக்காது.

இனி 'மாகாண மேல்சபை'க்கு வருவோம். இச்சொல்லை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயம் எனக்குத் தெரியும். 'மாகாணம்' இலங்கை வாசகருக்குப் பழகிய சொல், 'மேல்சபை' பேச்சில் எளிதாக வரும் சொல், இரண்டையும் சேர்த்தால் எவருக்கும் விளங்கும் என்பார்கள். நம் பாட்டன்மாரும் 'சென்னை மாகாணம்' என்றுதானே சொன்னார்கள் என்று கேட்பாரும் உண்டு. சொன்னார்கள், அப்போது அது மாகாணமாகவே இருந்தது. 1950இல் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் அது மாநிலம். அதற்கு மாறாக, நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்துக்குப் பின்னர் 'மாகாணம்' என்ற சொல்லுக்கு மிகத் திட்டமான அரசியற் பொருள் வந்துவிட்டது. மத்திய மாகாணத்திலும் ஊவாவிலும் சப்ரகமுவவிலும் வாழும் நமக்கு மாகாண சபை என்பது நியதிச் சட்டங்களை ஆக்கும் ஓரவை மன்றம். அதற்கு மேல்சபை ஒன்று இருந்ததே இல்லை. 2014இல் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பின் எந்த மாகாண சபைக்கும் தேர்தலே நடைபெறாத நாட்டில், 'மாகாண மேல்சபைத் தேர்தல்' என்று வானொலியில் கேட்கும் ஒருவர் முதலில் என்ன நினைப்பார் என்பதை மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய சிக்கல் 'மேல்' என்ற சொல்லை வைத்த இடத்தில் இருக்கிறது. தமிழில் மேல் என்பது உயரத்தையும் குறிக்கும், மேற்குத் திசையையும் குறிக்கும். கொழும்பு, கம்பஹா, களுத்துறை மாவட்டங்கள் அடங்கிய பகுதிக்கு நம் அரசு வழக்கில் 'மேல் மாகாணம்' என்றே பெயர். அதன் மன்றம் 'மேல் மாகாண சபை'. 'மாகாண மேல் சபை' என்பதற்கும் 'மேல் மாகாண சபை' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சொல்லின் இடமாற்றம் மட்டுமே. செய்தி வாசிப்பவர் நாப்பிறழ வேண்டியதுகூட இல்லை. கேட்பவரின் காதே அதனைப் பழகிய ஒழுங்கில் திருத்திக்கொள்ளும். தலைப்பில் இப்படி மாறி அச்சாகியிருந்ததை நான் பார்த்தும் இருக்கிறேன்: பெங்களூருச் செய்திக்கு மேலே கொழும்புத் தேர்தலுக்கான தலைப்பு. 'மேலவை' என்ற ஒட்டுச்சொல்லில் இந்த ஆபத்து இல்லை. இரண்டு உறுப்புகளும் ஒன்றாகிவிட்டதால் 'மேல்' கழன்று வேறு சொல்லோடு போய் ஒட்டிக்கொள்ளாது.

மூன்றாவது குறை 'சபை' என்பதிலேயே உள்ளது. பிரதேச சபை, நகர சபை, மாநகர சபை, மாகாண சபை என்று நாம் சபை என்று சொல்பவை எல்லாம் வாக்காளர் தாமே சாவடிக்குப் போய் வாக்களித்து அமைப்பவை. அதனால் 'சபைத் தேர்தல்' என்றதும், அந்த ஊர் மக்கள் எல்லோரும் வாக்களிக்கிறார்கள் என்ற எண்ணம் தானாகவே எழுகிறது. மேலவைத் தேர்தலில் அப்படி நடப்பதில்லை. அதன் உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினரை உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள். மேலும் மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள், தம்முள் ஒருவர் அல்லாதாரிலிருந்து தெரிவு செய்கிறார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களும் தெரிவு செய்கிறார்கள். எஞ்சியோரை ஆளுநர் நியமிக்கிறார். அப்படியோர் அவை இங்கே இருந்தால், நோர்வூட் பிரதேச சபையின் உறுப்பினரும் மஸ்கெலியா பிரதேச சபையின் உறுப்பினரும் வாக்களிப்பார்கள். அவர்களைத் தெரிவு செய்த தோட்டத்து மக்களுக்கு அந்நாளில் சாவடியில் வேலை இராது. 'மேலவை' என்ற வேறுபட்ட சொல் குறைந்தபட்சம் இது வேறு வகையான மன்றம் என்று வாசகரை எச்சரிக்கிறது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. 'மேலவை' என்றால் அதிகாரத்தில் உயர்ந்தது என்று எண்ணிவிடுவார்களே என்பார்கள். உண்மையில் அதிகாரம் குறைந்தது அதுதான். சாதாரணச் சட்டமூலத்தை முதல் முறை 3 மாதங்களும் இரண்டாம் முறை 1 மாதமும் தாமதிக்கலாம், நிதிச் சட்டமூலத்தை 14 நாட்கள் வைத்திருக்கலாம், அவ்வளவே. ஆனால் நம் தோட்டங்களில் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று சொல்கிறோம். மேற்பிரிவு லயத்தார் கீழ்ப்பிரிவு லயத்தாரை ஆள்கிறார்கள் என்று எவரும் விளங்கிக்கொள்வதில்லை. மேல் என்பது இருப்பிடத்தைச் சொல்லும் சொல்லாகவும் நமக்கு நன்கு பழகியதே.

'மூதவை' என்று எழுத வேண்டும் என்போரிடம் எனக்குக் கூடுதல் மரியாதை உண்டு. அவர்கள் சோம்பலால் தவறுகிறவர்கள் அல்லர். அது அழகான சொல். மூதூர், மூதுரை, மூதாட்டி என்ற வரிசையில் இயல்பாக அமர்கிறது; 'செனற்' என்ற சொல்லின் இலத்தீன் மூலக் கருத்தான முதியோர் அவை என்பதையும் ஏந்துகிறது. 1947 முதல் 1971 வரை இலங்கைப் பாராளுமன்றத்தின் மேலவையாக இருந்த செனற் சபைக்கு அது முற்றிலும் பொருந்தும். அச்சபையில் 30 பேர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, 15 பேர் நியமனம் பெற்றனர். சட்டநிரூபண சபை கூடிய அதே கோட்டைக் கட்டடத்திலேயே அதுவும் கூடியது. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமரானதும், 1965இல் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானதும் அதன் உறுப்பினர்களாக இருந்தே. மலையகத்தாருக்கு அதனோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1947 தேர்தலில் மலையகத்தாரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் வென்ற 7 ஆசனங்கள், செனற் உறுப்பினரைத் தெரிவு செய்யும் வாக்குகளாகவும் இருந்தன. குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபின் 1952இல் அந்த ஆசனங்கள் போயின. ஆசனங்களோடு இந்த மறைமுக வாக்கும் போயிற்று. கீழே குரலற்றவனுக்கு மேலேயும் குரல் இராது என்பது மறைமுகத் தேர்தலின் இயல்பு.

ஆனால் இந்திய மாநிலங்களின் அவைக்கு அச்சொல் பொருந்தாது. அதன் பெயரில் முதியோர் என்ற கருத்து இல்லை. 30 வயது நிரம்பினாலே உறுப்பினராகலாம். அதனினும் முக்கியமாக, நம் பல்கலைக்கழகங்கள் அச்சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டன. பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்த ஒருவருக்கு மூதவை என்றால் பல்கலைக்கழகத்தின் கல்விசார் மன்றம். பேரவை என்றால் அதன் ஆட்சி மன்றம். இங்கேதான் இன்னொரு முடிச்சு விழுகிறது. தமிழ்நாட்டில் பேரவை என்பது மக்கள் தெரிவு செய்யும் அவை. நம் மொழிபெயர்ப்பாளரோ பல்கலைக்கழக வழக்கை நினைத்துக்கொண்டு, மேலவையின் ஆங்கிலப் பெயருக்குப் 'பேரவை' என்று எழுதிவிடுகிறார். சென்னையில் இருந்து வரும் செய்தியில் கீழவையைக் குறிக்கும் சொல், ஹற்றனில் வாசிக்கும்போது மேலவையைக் குறிக்கிறது. எனவே இலங்கைச் செய்திகளில் மக்கள் அவைக்குச் 'சட்டமன்றம்' என்றும், மற்றதற்குச் 'சட்ட மேலவை' என்றும் எழுதி, பேரவை என்ற சொல்லை இவ்விடயத்தில் தொடாமல் விடுவதே தெளிவு என்பது என் கருத்து. தூய்மையை நோக்கினாலும் இதில் இழப்பு எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலேயே மேலவை இல்லாதபோது அவர்கள் சொல்லை ஏன் கேட்க வேண்டும் என்பது சிலருடைய வாதம். அங்கே அது 1986 நவம்பர் 1 அன்று ஒழிக்கப்பட்டது. 2010இல் மீண்டும் அமைக்க எடுத்த முயற்சியும் அடுத்த ஆண்டிலேயே கைவிடப்பட்டது. ஆனால் 1952இல் இராஜாஜி நியமன உறுப்பினராகி முதலமைச்சரானது அந்த அவையின் வழியாகவே. அதன் கடைசித் தலைவர் ம.பொ. சிவஞானம் தமிழறிஞர். அத்தகையோர் பல்லாண்டு புழங்கித் தேய்த்துச் செம்மையாக்கிய சொல்லை ஒதுக்கிவிட்டு, இரவுப் பணியில் அவசரமாக ஒட்டிய சொல்லை ஏற்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெயரைத் திருத்தினாலும் செய்தியின் உட்பகுதியில் 'விருப்பு வாக்கு' என்ற இன்னொரு பிழையான பெயர் காத்திருக்கிறது. மேலவைத் தேர்தல் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தில், ஒற்றை மாற்று வாக்கு முறையில் நடப்பது. வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை இடுவார். முதலாமவருக்குப் பயன்படாத வாக்கு இரண்டாமவருக்கு மாறும். நம் பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கில் வரிசையே இல்லை. ஒரு கட்சிப் பட்டியலில் மூவர் வரை இடலாம், மூன்றுக்கும் ஒரே மதிப்பு. இதற்கு ஓரளவு ஒத்தது நம் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் தெரிவு. 2024இல் அது முதன்முறையாக எண்ணப்பட்டதால் மக்களுக்கும் இப்போது நன்கு தெரியும். ஆகவே 'விருப்பு வாக்கு' என்பதை விடுத்து 'முதலாம் தெரிவு', 'இரண்டாம் தெரிவு' என்றே எழுதலாம். 'பட்டதாரித் தொகுதி' என்பதையும் 'பட்டதாரிகள் வாக்களிக்கும் தொகுதி' என்று விரித்தால், பட்டதாரிகள் நிறைந்த ஊர் எது என்று வாசகர் தேட வேண்டியிராது. அவர்களுக்குத் தனி வாக்காளர் இடாப்பு உண்டு என்று ஓர் உபவாக்கியம் சேர்த்தால் இன்னும் நன்று. 'கர்நாடக சட்ட மேலவையில் ஆசிரியர்கள் வாக்களிக்கும் தொகுதி ஒன்றில், முதலாம் தெரிவு வாக்குகளால் எவரும் வெற்றிக்குரிய அளவை எட்டாததால், இரண்டாம் தெரிவு வாக்குகள் எண்ணப்பட்டன' என்று எழுதினால், பண்டாரவளையில் உயர்தர வகுப்பில் அரசறிவியல் படிக்கும் மாணவிக்கும் அவளுடைய ஆசிரியருக்கும் அகராதியின்றியே விளங்கும்.