புருவத்தைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள்

மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அம்மம்மா விடிய எழும்பித் தேத்தண்ணி குடிக்கேக்க ஒரு பக்கத்தால வழிஞ்சுது, வாய் கோணிப்போச்சு. முனி அறைஞ்சிட்டுது, மந்திரிச்சுப் பார்வை பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு அயலட்டைச் சனம் சொல்லுது. இது பாரிசவாதமோ?"

சரி, முனியை விடுவோம். ஒன்று பாரிசவாதமாக இருக்கலாம், அதாவது மூளைக்குள் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கும் அல்லது வெடித்திருக்கும். இல்லாவிட்டால் முகநரம்பு வாதம். இதில் மூளைக்கு ஒன்றும் இல்லை. முகத்தசைகளை அசைக்கும் 7ஆவது மண்டையோட்டு நரம்பு காதருகே எலும்புக்குள் ஒரு ஒடுங்கிய குழாயால் வரும்போது வீங்கி நசிபடுகிறது. வாயைப் பார்த்தால் இரண்டும் ஒரே கோணல்தான். அதனால்தான் வைத்தியர் "புருவத்தை மேலே தூக்குங்கோ அம்மா" என்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இடது மூளை வலது பக்கத்தை ஆளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, முகத்தின் கீழ்ப்பாதி பெரும்பாலும் அப்படித்தான். நெற்றிக்கோ இரண்டு பக்க மூளையிலிருந்தும் கட்டளை வருகிறது. இரணைமடுக் குளத்தின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால் இரண்டிலிருந்தும் தண்ணீர் பாயும் ஒரு வயல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்கால் உடைந்தாலும் பயிர் வாடாது, மற்றது காப்பாற்றிவிடும். பாரிசவாதத்தில் நடப்பது அதுதான்: வாய் தொங்கும், ஆனால் புருவத்தைத் தூக்கினால் நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் விழும். முகநரம்பு வாதத்தில் இரண்டு தண்ணீரும் கலந்து வரும் கடைசி வாய்க்காலே அடைபட்டுவிடுகிறது, அப்புறம் எங்கே பாய்வது? அந்தப் பக்க நெற்றி மழுமழுவென்று கிடக்கும், கண்ணும் மூடாது.

ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மூளைத்தண்டில் வரும் அடைப்பு அரிதாக நெற்றியையும் சேர்த்து விழுத்தும். முகம் திடீரென்று கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும், அதற்கு முன் அடைப்போ வெடிப்போ என்று பார்க்க மூளை ஸ்கான் வேறு. அந்த நேரமும் எழும்பினதிலிருந்து அல்ல, கடைசியாக நல்லாக இருந்ததைக் கண்டதிலிருந்துதான் கணக்கு. கரையோரக் கிராமங்களிலிருந்து ஸ்கான் இருக்கிற இடத்துக்குப் போகவே பாதி நேரம் கரைகிற வன்னியில், பார்வை பார்க்க ஒரு மணித்தியாலம் கொடுப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. புதுக் கட்டடத்துக்குக் கல் நாட்டுகிற காசில் கொஞ்சம் ஸ்கான் வசதிக்கும் போகலாம் என்பது என் எண்ணம்.

தம்பி, அம்மம்மாவின் வலது கண் மூடுதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். முகநரம்பு வாதமாக இருக்கக்கூடும், ஆனாலும் பொறுக்காமல் உடனே காட்டுங்கள்; அதற்கான ஸ்டீரொயிட் குளிசையை மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இரவில் அந்தக் கண்ணை எப்படி மூடி ஒட்டுவது என்று வைத்தியரிடம் கேட்டு வாருங்கள், திறந்தபடி கிடந்தால் கருவிழி காய்ந்து புண்ணாகும்.