உருளைக்கிழங்குத் தேமலுக்கு எந்த மருந்தும் இல்லை

நீலகிரியில் கேத்தி, நஞ்சநாடு பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போனாலே, இலையில் திட்டுத் திட்டாக வரும் தேமல் நோயைப் பற்றி இந்தக் கேள்வி வந்துவிடும்: "சார், தேமலுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" ஒன்றும் இல்லை என்றால் யாருக்கும் பிடிப்பதில்லை. கடையில் கேட்டால் ஏதாவது ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்கத்தானே செய்கிறார்கள்!

உருளையில் வரும் இன்னொரு நோயான பின்கருகலை உண்டாக்கும், பூசணம் போன்ற நுண்ணுயிரிக்கு உடம்பு தனி, நொதிகள் தனி. அதனால் அதைக் குறிவைத்து மருந்தடிக்க முடிகிறது. தேமலைத் தரும் பொட்டேட்டோ வைரஸ் ஒய் அப்படியில்லை. மரபுச் செய்தியைச் சுமக்கும், சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ இழை, மேலே புரத உறை, அவ்வளவுதான். செல்லுக்குள் நுழைந்ததும் உறையைக் கழற்றிவிட்டுச் செடியின் புரதங்களையே வேலை வாங்குகிறது.

புரதம் செய்வதற்கான குறிப்பை ஏந்திவரும் செடியின் தூது ஆர்என்ஏ ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொப்பி உண்டு. இஐஎஃப்4ஈ என்ற புரதம் அந்தத் தொப்பியைப் பிடித்துத்தான் புரத உற்பத்தியைத் தொடங்கி வைக்கும். வைரஸ் ஆர்என்ஏவுக்குத் தொப்பி கிடையாது. அந்த இடத்தில் விபிஜி என்ற தன் புரதத்தைக் கள்ள அடையாள அட்டை போல ஒட்டி வைத்திருக்கிறது. இஐஎஃப்4ஈ அதையும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் செல்லின் உள்சவ்வுகளை வளைத்துச் சிறு பைகளாக்கி, அங்கே தன் நகலெடுக்கும் நொதியோடு செடியின் ஹெச்எஸ்பி70, இஇஎஃப்1ஏ புரதங்களையும் சேர்த்துக்கொண்டு படியெடுக்கிறது. செடியின் இந்தப் புரதங்களை முடக்கும் மருந்து இருந்தாலும் அதைத் தெளித்தால் முதலில் சாவது செடிதான்.

சரி, வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் சாறு உறிஞ்சும் பூச்சியான அசுவினியைக் கொன்றால்? அது ஊசிவாயைச் சில விநாடி செருகி ருசி பார்ப்பதற்குள் வைரஸ் இறங்கிவிடும். பூச்சிமருந்து வேலை செய்வது அதற்குப் பிறகு.

இதே வைரஸ் தாக்கும் மிளகாயில் சில ரகங்களுக்கு இஐஎஃப்4ஈ கொஞ்சம் மாறியிருக்கும்; விபிஜியால் ஒட்ட முடியாது. அதே வேலையைச் செய்ய இன்னொரு உறவுப் புரதமும் இருப்பதால் செடிக்குக் குறையில்லை. ஆனால் வைரஸும் விபிஜியை மாற்றிக்கொண்டு சில ரகங்களில் புகுந்துவிட்டது. சும்மா இருக்கிற ஜாதியா அது?

நம் கையில் இருப்பது விதைக்கிழங்கு; வைரஸ் கிழங்கு வழியாகவும் அடுத்த பயிருக்குப் போகும். பெரியதை விற்றுவிட்டுப் பொடிக்கிழங்கை விதைக்கு ஒதுக்குவது இங்கே பழக்கம். நோய்ப்பட்ட செடி பெரும்பாலும் விடுவதும் பொடிக்கிழங்கைத்தான்! விதைக்கு விடும் பாத்தியை, வரிசை மூடும் முன்பே செடி செடியாகப் பாருங்கள். நல்ல வெயிலில் தேமல் கண்ணுக்குப் படாது. உங்கள் நிழல் செடிமேல் விழும்படி நின்றால் இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும். அந்தச் செடியைக் கிழங்கோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக் கட்டுங்கள். வரப்பில் வீசினால் அதிலிருக்கும் அசுவினி அடுத்த செடிக்கு ஏறிவிடும்.