ஐந்தாவது வாரத்தில் கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

"எங்க சின்னம்மா பாரிஸில் நெக் லிஃப்ட் ஆபரேஷன் செய்துகொண்டு ஐந்து வாரம் ஆகிறது. இப்போது லீவுக்கு முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருக்கிறார். தாடைக்குக் கீழே இன்னும் கெட்டியாக, இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறதாம், காது மடலும் மரத்துக் கிடக்கிறது. இரண்டு வாரத்தில் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னாராம், ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆபரேஷன் சரியில்லை என்கிறார்கள். அம்மாவோ மீன், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எதையும் கண்ணில் காட்டாமல் ரசம் சாதத்தோடு நிறுத்திவிட்டார். எப்போதுதான் ஆறும்?" புதுச்சேரி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

அந்த டாக்டர் சொன்னதும் சரி, சின்னம்மாவுக்கு ஐந்தாவது வாரத்திலும் இறுக்கமாக இருப்பதும் சரி. வேலைக்குப் போவது வேறு, ஆறுவது வேறு. அது ஏன் என்று புரிய, தொங்கும் கழுத்தை இறுக்கும் இந்த நெக் லிஃப்ட் ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கழுத்தின் முன்பக்கம், தோலுக்கு அடியில், பிளாட்டிஸ்மா என்று மெல்லிய அகலமான தசை ஒன்று தாடையிலிருந்து காறை எலும்பு வரை விரிந்திருக்கிறது. வயதாக ஆக அதன் உள்விளிம்புகள் தளர்ந்து இரண்டு பட்டைகளாகத் தெரியும், மேல்தோலும் தொங்கும். தாடைக்கு அடியில் சின்னதாக ஒரு கீறல், இரண்டு காதையும் சுற்றிப் பின்னால் போகும்படி கீறல் போட்டு, தோலைத் தசையிலிருந்து பிரித்து, தசையை நடுவில் சேர்த்துத் தைத்து இறுக்கி, மிச்சத் தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தையல் போடுவார்கள். வெளியே கண்ணுக்குத் தெரிவது காதோரத்துத் தையல் கோடு மட்டும். உள்ளே பிரிக்கப்பட்ட இடம் உள்ளங்கையை விடப் பெரியது, அத்தனையும் ஆற வேண்டும்.

முதல் 24 மணி நேரம்தான் டாக்டர்கள் அதிகம் கவலைப்படும் நேரம். பிரித்த இடத்தில் ரத்தம் தேங்கிக் கட்டிவிட்டால் மேலே இருக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் தடைபடும், அதனால் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி வலி ஏறினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல். ஆண்களுக்கும்தான், ஏனென்றால் தாடி மயிர்க்கால்கள் இருக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம். சிகரெட் பிடிப்பவர்களை ஆபரேஷனுக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வதும் இந்தத் தோலுக்காகத்தான், நிக்கோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் அப்புறம் வடியும். கன்றிய இடம் நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறிக்கொண்டே நெஞ்சு வரை இறங்கி வரும். ரத்தத்தின் ஹீமோகுளோபின் படிப்படியாக உடைகிற நிறங்கள்தான் அவை, பயப்பட ஒன்றுமில்லை. 5 முதல் 10 நாளுக்குள் தையல் பிரிப்பார்கள், 10 முதல் 14 நாளில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்குப் போகலாம், பாரம் தூக்குவது, உடற்பயிற்சி எல்லாம் ஒரு மாதம் போல ஆகும்.

படுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இதைத்தான் தப்பாகச் செய்கிறோம். தலையை உயர்த்திப் படுக்கச் சொன்னால் இரண்டு தலையணையைத் தலைக்கு மட்டும் அடுக்கிவிடுவோம். அப்போது தாடை நெஞ்சில் இடிக்கும், கழுத்து முன்பக்கம் மடியும், புதிதாக ஒட்ட வேண்டிய தோல் அங்கே கசங்கும். முதுகிலிருந்தே சாய்வாக உயர்த்த வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பழைய வீட்டுச் சாய்வு நாற்காலி இதற்கு அருமையான சாதனம். குனிந்தபடி செல்போன் பார்ப்பதையும் கொஞ்ச நாள் விட்டுவிட வேண்டும்.

இப்போது சுவாரசியமான இடத்துக்கு வருவோம். ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடுகிறார்களே, அன்றைக்கு அந்தக் காயத்தின் வலு எவ்வளவு தெரியுமா? காயப்படாத தோலின் வலுவில் கிட்டத்தட்ட 3 சதவீதம். மூன்றாவது வாரத்தில் 20 சதவீதத்துக்குப் பக்கத்தில். மூன்று மாதத்தில் சுமார் 80. அதற்கு மேல் எத்தனை வருஷம் போனாலும் ஏறாது. அப்படியானால் ஒரு வாரத்தில் பிரித்தும் கழுத்து எப்படித் தாங்குகிறது? இழுவிசையை உள்ளே தசையில் போட்ட தையல்கள் சுமக்கின்றன. மேல்தோலை இழுக்காமல், இலேசாக அடுத்தடுத்து வைத்துத் தைத்திருப்பார்கள். நல்ல சர்ஜனின் கைத்திறன் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தெரியும்.

அந்த 3 சதவீதத்தை 80 ஆக்குவது கொலாஜன் என்ற புரதம். காயம்பட்ட மூன்றாம் நான்காம் நாளிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அந்த இடத்துக்குள் நகர்ந்து வந்து கொலாஜனைச் சுரக்கத் தொடங்கும். கடலூர் துறைமுகத்தில் படகு கட்டும் கயிற்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கியிருக்கும், மூன்று புரியையும் சேர்த்து அதற்கு எதிர்த்திசையில் முறுக்கியிருப்பார்கள். இழுக்க இழுக்க ஒரு முறுக்கு இன்னொன்றைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கொலாஜன் மூலக்கூறும் அச்சு அசலாக அப்படித்தான். அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளைக் கோத்த ஒவ்வொரு சங்கிலியும் இடதுபக்கம் முறுகியது, மூன்று சங்கிலிகள் சேர்ந்து வலதுபக்கமாக முறுகிக்கொள்கின்றன. மூன்றும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறிய கிளைசின் உட்கார்ந்திருக்கிறது, அங்கே வேறெதைப் போட்டாலும் முறுக்கு கெட்டுவிடும்.

இதைக் கண்டுபிடித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் என்பதை எத்தனை முறை எழுதினாலும் எனக்குச் சலிக்காது. ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ்ரே செலுத்திப் பார்த்து 1954-ல் மூன்று சங்கிலி அமைப்பை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள், 1955-ல் அந்த மூன்றும் சேர்ந்து முறுகியிருப்பதையும் காட்டினார்கள். சின்னம்மாவின் கழுத்தில் இன்று பின்னப்பட்டுக்கொண்டிருப்பது அவர்கள் படம் வரைந்து காட்டிய அதே அமைப்பு.

இந்த மூன்று சங்கிலிகள் உடல் சூட்டில் பிரியாமல் இருக்க இன்னொரு வேலை நடந்தாக வேண்டும். சங்கிலியில் இருக்கும் புரோலின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜனைச் சேர்த்து ஹைட்ராக்சிபுரோலின் ஆக்க வேண்டும். அதைச் செய்யும் நொதிக்குள் ஓர் இரும்பு அணு இருக்கிறது, அந்த இரும்பு துருப்பிடித்த நிலைக்குப் போய்விடாமல் மீட்டெடுப்பது வைட்டமின் சி. அது கிடைக்காவிட்டால் ஹைட்ராக்சிபுரோலின் இல்லாத கொலாஜன் 24 டிகிரி செல்சியஸிலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். நம் உடம்பு 37 டிகிரி. வைட்டமின் சி குறைந்தால் ஸ்கர்வி வரும், ஈறில் ரத்தம் கசியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் அடிப்படை இந்த அவிழ்தல்தான்.

1740-களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயத் தளபதியின் கப்பல் படை உலகைச் சுற்றிய பயணத்தில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் ஸ்கர்வியில் இறந்தார்கள். அதில் ஒருவர் 1690-ல் அயர்லாந்தில் பாய்ன் போரில் காயம்பட்டவர். ஐம்பது வருஷம் முன்பு ஆறிப்போன அந்தக் காயங்கள் கப்பலில் மறுபடி வாய் திறந்தன என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. தழும்பு என்றால் வேலை முடிந்த இடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஆனால் அங்கே பழைய கொலாஜனை அரித்து எடுப்பதும் புதியதைப் போடுவதும் எந்நேரமும் நடக்கிறது. போடுவது நின்று அரிப்பது மட்டும் தொடர்ந்தால் ஐம்பது வருஷத் தழும்பும் பிரிந்துவிடும்.

கொலாஜனை அரிக்கும் அந்த நொதியை 1962-ல் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாபியேரும் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா, தலைப்பிரட்டையின் வாலில். தவளையாக மாறும்போது அந்த வால் எங்கே போகிறது என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒரு கங்காரு வால், ஒரு தலைப்பிரட்டை வால், இரண்டும் சேர்ந்துதான் காயம் எப்படி ஆறுகிறது என்பதை நமக்குச் சொல்லிக் கொடுத்தன. இன்றைக்குப் புதுச்சேரியிலோ சிதம்பரத்திலோ ஒரு ஆராய்ச்சி மாணவி தலைப்பிரட்டை வாலைப் பற்றி நிதி கேட்டு எழுதினால், இதனால் நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்விதான் முதலில் வரும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிற நாட்டில், அந்தக் கொஞ்சத்தையும் உடனடிப் பயன் பார்த்துத்தான் தருவோம் என்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை.

சரி, ரசம் சாதத்துக்கு வருவோம். கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும், மீனும் முட்டையும் சாப்பிட்டால் சீழ் வைக்கும், புளிப்பு பட்டால் தையல் விட்டுவிடும் என்று நம் ஊரில் எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் சொல்கிறார்கள். சிசேரியன் ஆன பெண்ணுக்கு, கர்ப்பப்பை எடுத்தவருக்கு, விபத்தில் கால் உடைந்தவருக்கு, எல்லோருக்கும் இதே பத்தியம். சீழ் வைப்பது கிருமியால், மீனால் அல்ல. கொலாஜன் புரதம், அதைப் பின்னப் புரதம் வேண்டும், முறுக்கு நிற்க வைட்டமின் சி வேண்டும், அந்த இரண்டையும் பார்த்துப் பார்த்துத் தட்டிலிருந்து எடுத்துவிட்டுக் காயம் ஏன் ஆறவில்லை என்று கேட்கிறோம். அம்மா பாசத்தில்தான் செய்கிறார், அதில் சந்தேகமே இல்லை, ஆனால் இந்தப் பாசம் காயத்தைப் பட்டினி போடுகிறது. மீன் ஒவ்வாமை ஏற்கெனவே இருப்பவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும். சின்னம்மாவுக்குக் காலையில் முட்டை, மத்தியானம் சங்கரா மீன் குழம்பு, நடுவில் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது எந்தப் பத்தியத்தையும் விட முக்கியம். உப்பைக் கொஞ்சம் குறைத்தால் வீக்கம் வடிய உதவும்.

இனி அந்த ஐந்தாவது வார இறுக்கம். முதலில் அவசரமாகப் போடப்படுவது மெல்லிய வகை, அதை டைப் 3 கொலாஜன் என்பார்கள். மூன்றாவது வாரத்துக்குள் அளவில் நிறையவே சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு அதை அரித்து எடுத்துவிட்டு வலுவான டைப் 1 கொலாஜனைப் போட்டு, இழைகளைக் குறுக்கே பிணைத்து, இழுவிசை போகும் திசையில் அடுக்க வேண்டும். அதே சமயம் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ஒரு பகுதி தசைச் செல் போலச் சுருங்கும் திறன் பெற்று காயத்தின் ஓரங்களை உள்ளே இழுக்கும். மயோஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் இந்தச் செல்களை 1971-ல் காபியானியும் அவருடன் வேலை செய்தவர்களும் விவரித்தார்கள். உள்ளங்கையை விடப் பெரிய பரப்பில் இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தால் கழுத்து கெட்டியாகத்தானே இருக்கும்? தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்கள் அறுபட்டவை மறுபடி வளர்ந்து சேரவும் மாதங்கள் ஆகும், அதனால்தான் இரவெல்லாம் படுத்திருந்து காலையில் எழுந்ததும் வீக்கம் கூடுதலாகவும் சாயங்காலம் குறைவாகவும் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் கையை வைத்து அழுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வேலை முடிந்ததும் அந்தச் சுருங்கும் செல்கள் தாமாக இறந்துவிடும், கெட்டித்தன்மை இரண்டு மூன்று மாதத்தில் இளகும், கழுத்தின் வடிவம் மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் நிலைக்கும், தழும்பு மங்க ஒரு வருஷமும் அதற்கு மேலும் ஆகும். இளகுவதற்குப் பதில் ஒரே இடத்தில் கட்டி பெரிதாகிக்கொண்டே போனாலோ, சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ இங்கேயே ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும். காதோரத் தழும்பு தடித்து வெளியே வளர்ந்தாலும்தான், நம் மாதிரித் தோலில் கீலாய்டு வர வாய்ப்பு அதிகம். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப்போய் நிரந்தரமாக நின்றுவிடும், ஆகவே கடற்கரைச் சாலையில் நடக்க ஆசைப்பட்டால் சூரியன் இறங்கிய பிறகு போகட்டும், பகலில் என்றால் பருத்தித் துணியைக் கழுத்தில் தளர்வாகச் சுற்றிக்கொள்ளட்டும்.

காது மடல் மரத்திருப்பதுதான் கடைசியாகச் சரியாகும். தோலைப் பிரிக்கும்போது அதற்குள் ஏறும் நுண்ணிய நரம்பு இழைகள் அறுபடாமல் இருக்க முடியாது. கழுத்தின் பக்கவாட்டில் ஏறிக் காது மடலுக்குப் போகும் நரம்பும் இழுபட்டிருக்கலாம். நரம்பு திரும்ப வளரும் வேகம் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முதலில் எறும்பு ஊர்வது போலவும் சுள்ளென்றும் இருக்கும், அது நல்ல அறிகுறி. அதுவரை கனமான ஜிமிக்கி வேண்டாம். தோட்டுத் திருகை இறுக்கினால் அழுத்துவது தெரியாமல் மடல் புண்ணாகிவிடும், தலைமுடி காயவைக்கும் டிரையர் சுட்டாலும் தெரியாது. ஆறு மாதம் தாண்டியும் உணர்வு துளியும் திரும்பவில்லை என்றால் பாரிஸ் டாக்டரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.