ஓநாய்: சொல்லும் பொருளும்

"ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுததாம்." திருகோணமலையில் சந்தைப் பேச்சிலும் அரசியல் பேச்சிலும் அடிக்கடி வந்து விழும் பழமொழி இது. ஆனால் இலங்கைக் காடுகளில் ஓநாயே கிடையாது. நாய்க் குடும்பத்துக் காட்டு விலங்கென்று இந்தத் தீவில் இருப்பது நரி ஒன்றுதான்.

கண்ணால் காணாத விலங்கின் பெயர் இவ்வளவு புழக்கத்தில் இருப்பதற்குக் கதைகளும் வேதங்களும் காரணம். தேவாலயத்தில் ஆட்டுத்தோல் போர்த்து வரும் ஓநாய்களைப் பற்றிய மத்தேயு வசனம் வாசிக்கப்படுகிறது. யூசுப் நபியை ஓநாய் தின்றுவிட்டதென்று அவருடைய சகோதரர்கள் பொய் இரத்தம் பூசிய சட்டையைக் காட்டிய வரலாறு கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மகாபாரதம் கேட்டவர்களுக்கு வீமனின் இன்னொரு பெயர் நினைவிருக்கும்: விருகோதரன், அதாவது ஓநாய் வயிறன். ஓநாயைக் குறிக்கும் வடசொல் விருகம். சிங்களத்தில் ஓநாயை 'விருகயா' என்பதும் இதே வடசொல்லின் வழிதான்.

தமிழுக்கு அந்தக் கடன் தேவைப்படவில்லை. ஓநாய் என்பதன் பின்பாதி 'நாய்' என்பதில் ஐயமில்லை. முன்பாதியை 'ஓ' என்று நீட்டி ஊளையிடுவதோடு சேர்த்து விளக்குவது வழக்கம். விலங்கின் இயல்புக்கு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது. கூட்டத்தை விட்டு விலகிப்போன ஓநாயை மற்றவை ஊளையிட்டு அழைக்கும். 'இது எங்கள் எல்லை' என்று அயல் கூட்டத்துக்கு அறிவிப்பதும் ஊளையால்தான். திறந்த வெளியில் அது பல கிலோமீற்றர் கேட்கும். 'நாய்' உள்ளே முழுதாக நிற்பதால் 'ஓனாய்' என்று எழுதாமல் ஓநாய் என்றே எழுதுவது நல்லது. வீட்டு நாய் ஓநாய் வழியில் வந்தது. அந்த உறவு பெயரிலேயே தெரியட்டும்.

சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758இல் இதற்கு இட்ட அறிவியற் பெயர் கேனிஸ் லூபஸ். இலத்தீனில் கேனிஸ் நாய், லூபஸ் ஓநாய். இன்று 'சாம்பல் ஓநாய்' என்று எழுதுவது ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. அமெரிக்காவின் சிவப்பு ஓநாயிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் அந்த அடைமொழி வேண்டியதுதான். மற்ற இடங்களில் ஓநாய் என்றாலே போதும் என்பது என் கருத்து. வடதுருவப் பக்கத்தில் வெள்ளை, வட அமெரிக்காவில் கறுப்பு என்று இந்த ஒரே இனம் பல நிறத்தில் திரிகிறது. இந்திய ஓநாய் மண்ணிறம் கலந்தது. 1831இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் சைக்ஸ் அதற்கு இட்ட துணையினப் பெயரான 'பல்லிப்பெஸ்' என்பதற்கு வெளிறிய பாதம் என்று பொருள்.

பெரிய குழப்பம் செந்நாயில்தான். தமிழில் செந்நாய் என்பது வேறு விலங்கு. சங்கப் பாட்டிலேயே வரும் பெயர் அது. அறிவியலில் கூவன் அல்பைனஸ். மலையாளத்திலோ ஓநாய்க்கே 'சென்னாய்' என்று பெயர். மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கன்னடத்தார் ஓநாயைத் 'தோள' என்பார்கள். அமெரிக்கச் சிவப்பு ஓநாயைச் சுருக்கிச் 'செந்நாய்' ஆக்குவதும் பிழை.

எங்கள் பக்கத்தில் நடப்பது இன்னொரு மயக்கம். தம்பலகாமத்து வயல்வெளியில் பொழுதுபட ஊளை கிளம்பியதும், கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளை "அம்மம்மா, ஓநாய் கத்துது" என்று ஓடிவரும். "அது நரி மகன், இங்க ஏது ஓநாய்" என்பார் அம்மம்மா. அவர் சொல்வதே சரி. நரி 10 கிலோவைச் சுற்றியே இருக்கும், கால் குட்டை, மூஞ்சி ஒடுங்கியது. இந்திய ஓநாய் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு எடை, கால் நெடியது. வடதுருவத்தை அண்டிய குளிர்நாடுகளின் ஓநாய் 40 கிலோவையும் தாண்டும். இரண்டுமே ஊளையிடும் என்றாலும் நரி தனியாகவோ சோடியாகவோதான் பெரும்பாலும் திரியும்.

நரி என்ற சொல் அறிவியற் பெயரிலும் ஏறியிருக்கிறது. இலங்கை நரியின் துணையினத்தை கேனிஸ் ஆரியஸ் நரியா என்றே எழுதுகிறார்கள்.