சிம் லொக்: போன் எதைப் பார்த்து மறுக்கிறது?

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பாவித்துவிட்டுக் கொடுத்த ஐபோனில் ஹட்ச் சிம்மைப் போட்டால் ‘சிம் நொட் சப்போர்ட்டட்’ என்று வருகிறதாம். ஹட்டனில் ஒரு கடையில் ‘சொப்ட்வெயார் அடித்தால் சரியாகிவிடும்’ என்றார்களாம், இன்னொரு கடையில் சிம்மோடு சேர்த்து வைக்க ஒரு மெல்லிய சிப் தருவதாகச் சொன்னார்களாம். இரண்டில் எது உண்மை?

சொப்ட்வெயார் அடிப்பதற்குக் காசு கொடுக்காதீர்கள். சிப் வேலை செய்யலாம், ஆனால் நிரந்தரமாக அல்ல. போனை விற்ற நிறுவனம், தன் சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காதபடி போடும் பூட்டுத்தான் சிம் லொக். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஐஎம்எஸ்ஐ என்ற 15 இலக்க எண் இருக்கிறது. நாம் கூப்பிடும் தொலைபேசி எண் வேறு, இது வேறு. இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும், இலங்கைக்கு 413. அதையடுத்து நிறுவனத்தின் எண் வரும்: மொபிடெல் 01, டயலொக் 02, ஹட்ச் 08. அமெரிக்காவில் நிறுவனத்துக்கு மூன்று இலக்கம் தருவார்கள். அங்குள்ள ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிம்கள் பலவற்றில் எண் 310410 என்று தொடங்கும். போனைப் போட்டவுடன் அதற்குள் இருக்கும், டவரோடு பேசும் பகுதியான மோடம் சிம்மிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தன்னிடமுள்ள அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் டவரில் பதிவதற்கே போகாது. அந்த அனுமதிப் பட்டியல் இருப்பது மோடத்துக்குரிய தனிப் பகுதியில். அண்ட்ரொய்டை மாற்றி அடித்தாலும் பெக்டரி ரீசெட் செய்தாலும் அந்தப் பகுதி அப்படியே இருக்கும். ஐபோனில் நிலைமை இன்னும் இறுக்கம்: பூட்டு நிலை அப்பிளின் சேர்வரில் அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. கடைக்காரரின் கம்பியூட்டரால் அதைத் தொட முடியாது.

இனி அந்தச் சிப். சந்தையில் விற்கும் பொருட்களில் இதைவிட அழகான தந்திரத்தைக் காண்பது அரிது.

சிம் கார்டின் பொன்நிறத் தகடுகளில் மின்சாரம், ரீசெட், கடிகாரத் துடிப்பு, தரை (எர்த்) ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் உண்டு. பேச்சுக்கு ஒரே ஒரு தகடுதான். போன் கேட்பதும் சிம் பதில் சொல்வதும் அந்த ஒரே வழியில், மாறி மாறி. ‘6எப்07 என்ற கோப்பைத் திற’ என்று மோடம் கேட்கும்; அதுதான் ஐஎம்எஸ்ஐ இருக்கும் கோப்பு. சிம் 9 பைட் திருப்பித் தரும். ஹட்ச் சிம் என்றால் அது 08 49 31 80 என்று தொடங்கும். முதல் பைட் நீளத்தைச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு மற்றவற்றில் இலக்கங்களைச் சோடி சோடியாக இடம் மாற்றி வாசியுங்கள்: 94 13 08. முன்னால் நிற்கும் 9 ஓர் அடையாளக் குறி மட்டுமே. அதையும் நீக்கினால் 41308. இலங்கை, ஹட்ச்.

இந்தப் பேச்சுக்கு நடுவே ஒட்டிக்கொள்வதுதான் அந்தச் சிப். தாள் போல மெல்லிய அதில் ஒரு சின்னக் கணினியே இருக்கிறது. மேல் பக்கம் போனுக்கு, கீழ்ப் பக்கம் சிம்முக்கு. மோடம் 6எப்07ஐக் கேட்கும்போது, சிம்மின் பதிலைத் தடுத்து 08 39 01 14 என்று தொடங்கும் பதிலை அது தருகிறது. பிரித்துப் பார்த்தால் 310 41 என்று வரும். ஏடி அண்ட் டி எண்ணின் தொடக்கம். மோடம் ஒப்பிடுகிறது, பொருந்துகிறது, பூட்டு திறக்கிறது. ஆனால் அதே பொய் எண்ணோடு நோர்வூட் டவரிடம் போனால் அங்கே பதிவாகாது. ஆகவே சிப் உடனே ‘சிம்மில் விவரம் மாறியிருக்கிறது, மறுபடி வாசி’ என்று மோடத்துக்கு ஒரு கட்டளை அனுப்பும். சிம் தரநிலையிலேயே உள்ள, முறையான கட்டளை அது. மோடம் இரண்டாம் முறை கேட்கும்போது சிப் ஒதுங்கி நின்று உண்மையான எண்ணைப் போக விடுகிறது. பிறகு டவர் ஓர் எண்ணை அனுப்பி, ‘உன் இரகசியச் சாவியால் இதைக் கணக்கிட்டுக் காட்டு’ என்று கேட்கும். அந்தச் சாவி சிம்மை விட்டு வெளியே வருவதே இல்லை. சிப் கேள்வியைச் சிம்முக்குக் கடத்தி, பதிலை டவருக்குக் கடத்துகிறது. எதையும் உடைக்காமல், எதையும் திருடாமல், கேட்ட இரண்டு தடவைக்கு இரண்டு பதில் சொல்லியே வேலை முடிந்துவிடுகிறது!

2007இல் வந்த முதல் ஐபோனுக்கே இந்த வித்தை பாவிக்கப்பட்டது. பின்னர் வந்த ஐபோன்கள் அதற்கு ஏமாறாததால், சிம்மின் தொடர் எண்ணான ஐசிசிஐடியை வைத்து விளையாடும் சிப்கள் வந்தன. இவற்றின் குறை அங்கேதான். ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்து அப்பிள் அடைத்துவிட்டால், அடுத்த அப்டேட்டிலோ ரீசெட்டிலோ போன் மீண்டும் முதற்படியில் நிற்கும். சிப்பின் தடிப்பால் சிம் தட்டு இறுகி, உள்ளே ஊசிகள் வளைந்த போன்களும் உண்டு. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆம் மொடலிலிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். அங்கே சிப் வைக்க இடமே இல்லை.

நிரந்தரமாகத் திறக்க ஒரு வழிதான்: பூட்டிய நிறுவனமே திறக்க வேண்டும். *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, போனை வாங்கிய உறவினர் மூலம் அந்த நிறுவனத்திடம் விண்ணப்பியுங்கள். தவணைப் பணம் பாக்கி இருந்தால் மறுப்பார்கள். அனுமதி வந்த பிறகு ஐபோனை வைஃபையில் இணைத்து, புதுச் சிம்மைப் போட்டு அக்டிவேட் செய்தால் போதும். செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் ‘கேரியர் லொக்’ வரியைப் பாருங்கள்; ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்றிருக்க வேண்டும். அண்ட்ரொய்ட் போன் பலவற்றுக்கு 8 முதல் 16 இலக்கம் கொண்ட ஒரு குறியீடு தருவார்கள்; வேறு நிறுவனச் சிம்மைப் போட்டதும் அதைக் கேட்கும். ஊகித்துப் பார்க்காதீர்கள். 8 இலக்கம் என்றாலே பத்துக் கோடி வாய்ப்புகள், ஆனால் போன் அனுமதிப்பது சில முயற்சிகளை மட்டும். அவை தீர்ந்தால் சரியான குறியீட்டையும் அது ஏற்காது.

திறந்த பிறகும் சிக்னல் வராமல் போகலாம், அதற்குப் பூட்டு காரணமல்ல. இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில், அதாவது பேன்ட் 3இல் வருகிறது. அமெரிக்க நிறுவனங்களுக்கென்றே செய்த பழைய, மலிவான போன்கள் சிலவற்றில் அந்தப் பேன்ட் இல்லை. 900 மெகாஹேர்ட்ஸும் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்த அலைவரிசை மலை முகட்டைத் தாண்டி நன்றாக வளையும் என்பதால், பள்ளத்தில் இருக்கும் லயத்துக்கு எட்டுவது பெரும்பாலும் அதுதான்.

பூட்டு என்பது விற்பனைத் தந்திரம், தொழில்நுட்பத் தேவை அல்ல. கனடா 2017 டிசம்பரிலும், ஜப்பானும் பிரித்தானியாவும் 2021இலும் பூட்டிய போன் விற்பதை நிறுத்தச் செய்தன. இங்கே அதைவிட அவசரமாகத் திறக்க வேண்டியவை நிறுவனங்கள் தரும் பூட்டிய ரவுட்டர்கள். ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்கு ஒரு நிறுவனத்தின் டவரும் கீழ் டிவிசனுக்கு இன்னொன்றின் டவரும் எட்டும் நாட்டில், முழு விலை கொடுத்த ரவுட்டரை ஒரே சிம்மோடு கட்டிப்போடுவது அநியாயம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதற்கு விதி கொண்டுவர வேண்டும்.

பாவித்த போன் வாங்கும்போது உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கோ ஐகிளவுட் கணக்கோ இன்னும் இருந்தால் அது வேறு பூட்டு; அவர் கையால் நீக்கினால்தான் போகும். ‘ஐஎம்இஐ’ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். ஐஎம்இஐயையே மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திருட்டுப் போனுக்குச் செய்யும் வேலை அது, சிம் லொக்கை அது திறக்கவும் திறக்காது.